சர்வீஸ் இன்ஜினியர் சம்பளம் ஏன் ஏறுவதில்லை, ஏற வைக்க என்ன செய்யலாம்

கேள்வி சுருக்கமாக இது. மெக்கட்ரானிக்ஸ் டிப்ளமோ முடித்தவர். கோயம்புத்தூரில் ஒரு சிஎன்சி (கம்ப்யூட்டர் கட்டுப்பாட்டில் உலோகம் வெட்டும்) மெஷின் டீலரிடம் நாலரை வருடமாக ஃபீல்டு சர்வீஸ் இன்ஜினியர். சிடிசி (கம்பெனி ஒருவருக்காக வருடத்துக்குச் செய்யும் மொத்தச் செலவு) 3,60,000. சொந்த பைக்கில் மாதம் 1,800 கிலோமீட்டர் வரை ஓட்டம், கிலோமீட்டருக்கு 3 ரூபாய் தருகிறார்கள். ஞாயிற்றுக்கிழமையும் போன் அடிக்கிறது. கஸ்டமர்கள் இவர் பெயரைச் சொல்லித்தான் ஆளை அனுப்பச் சொல்கிறார்கள். ஆனால் இன்கிரிமென்ட் வருடத்துக்கு ஆயிரம், ஆயிரத்து ஐந்நூறைத் தாண்டுவதில்லை. "இந்த லைனில் வளர்ச்சியே கிடையாதா, பேசாமல் வேறு துறைக்குப் போய்விடட்டுமா" என்று கேட்டிருக்கிறார்.

துறையை விட வேண்டாம். ஆனால் இதே வேலையை இன்னும் நன்றாகச் செய்துகொண்டே இருந்தால் சம்பளம் தானாக ஏறும் என்று காத்திருக்கவும் வேண்டாம். பிரேக்டவுன் கால் (அழைப்பு) வந்ததும் ஓடிப்போய் மெஷினை ஓட வைப்பதற்கு மார்க்கெட்டில் ஒரு விலை இருக்கிறது. எவ்வளவு திறமைசாலியாக இருந்தாலும் அந்த வேலைக்கு அந்த விலைக்கு மேல் யாரும் தரமாட்டார்கள். அதற்கு மேல் வாங்க, கம்பெனி தனியாகப் பில் போடக்கூடிய வேலைக்கு நீங்கள் நகர வேண்டும், நகர்ந்ததைக் காகிதத்தில் காட்டவும் வேண்டும்.

கையில் உண்மையாக எவ்வளவு வருகிறது

சிடிசி 3,60,000 என்றால் மாதம் 30,000. பேசிக் 15,000 என்று வைத்துக்கொள்வோம். கம்பெனியின் பங்கு பிஎஃப் 12 சதவீதம், 1,800. கிராஜுவிட்டி (வேலையை விடும்போது தரும் பணிக்கொடை) என்று 4.81 சதவீதம், ஏறக்குறைய 720. 'வேரியபிள்' என்று மாதம் 2,000 ஒதுக்கி வருடக் கடைசியில் தருவார்கள். முழுதாக வருமா என்பது அந்த வருட வியாபாரத்தைப் பொறுத்தது. இதெல்லாம் போக 25,480. அதில் உங்கள் பங்கு பிஎஃப் 1,800 போகும், அரையாண்டுக்கு ஒரு முறை தொழில் வரியும் உண்டு. ஆக கைக்கு வருவது 23,500 சுமார்.

மாதச் சம்பளம் 21,000-ஐத் தாண்டினால் பொதுவாக இஎஸ்ஐ (அரசு மருத்துவக் காப்பீடு) கிடையாது; உங்களுக்கு எப்படி என்று கம்பெனியில் உறுதிப்படுத்துங்கள். கம்பெனி குரூப் மெடிக்கல் பாலிசி எடுத்திருக்கிறதா, தனியாக விபத்துக் காப்பீடு உண்டா என்று இந்த வாரமே கேளுங்கள். பைக்கில் அவிநாசி ரோட்டிலும் பொள்ளாச்சி ரோட்டிலும் வேலை நேரம் முழுக்க ஓடுகிற ஆளுக்கு இது சம்பளத்தை விட முதலில் பார்க்க வேண்டிய விஷயம். பைக் இன்ஷூரன்ஸோடு வரும் 15 லட்ச ரூபாய் பர்சனல் ஆக்ஸிடென்ட் கவர் உங்கள் பாலிசியில் இருக்கிறதா என்றும் பாருங்கள். பாலிசி புதுப்பிக்கும்போது ஏஜென்ட் அதை எடுத்துவிட்டுக் குறைந்த பிரீமியம் காட்டுவது வழக்கமாக நடக்கிறது.

அடுத்தது பைக் செலவு. பெட்ரோல் லிட்டர் 101 ரூபாய், மைலேஜ் 45 என்றால் கிலோமீட்டருக்கு 2.25. ஆயில், டயர், செயின் ஸ்ப்ராக்கெட், பிரேக் ஷூ எல்லாம் சேர்த்து 70 பைசா. 90,000 ரூபாய் பைக்கை 80,000 கிலோமீட்டர் ஓட்டி 25,000-க்கு விற்றால் தேய்மானம் 80 பைசாவுக்கு மேல். இன்ஷூரன்ஸுக்கு 15 பைசா. மொத்தம் நாலு ரூபாயைத் தொட்டுவிடுகிறது. மூன்று ரூபாய் வாங்கிக்கொண்டு 1,800 கிலோமீட்டர் ஓட்டினால் மாதம் 1,700 ரூபாய்க்குப் பக்கத்தில் உங்கள் சம்பளத்திலிருந்து கம்பெனிக்குப் போகிறது. இது மாதா மாதம் தெரியாது. பைக் ஐந்தாம் வருடம் இன்ஜின் வேலைக்கு வரும்போதுதான் உறைக்கும்.

கடைசியாக நேரம். ஒப்பந்தப்படி 26 நாள், நாளுக்கு 8 மணி நேரம், 208 மணி. 23,500-ஐ வகுத்தால் மணிக்கு 113 ரூபாய். உண்மையில் பயணத்தையும் இரவுக் கால்களையும் சேர்த்து நாளுக்கு 11 மணி என்றால் 286 மணி. பைக் நஷ்டத்தைக் கழித்து 21,800-ஐ வகுத்தால் 76 ரூபாய். இந்த எண்ணை உங்கள் சொந்த மாதத்தை வைத்துப் போட்டுப் பாருங்கள். வேறு கம்பெனியில் 3,000 ரூபாய் கூடத் தருகிறார்கள் என்று போய், அங்கே ஏரியா ஈரோடு, கரூர் வரை நீண்டால், மணிக்கணக்கில் நீங்கள் இறங்கித்தான் இருப்பீர்கள்.

கிலோமீட்டர் ரேட்டைத்தான் முதலில் கேட்க வேண்டும், ஏனென்றால் கிடைக்க வாய்ப்பு அதிகமுள்ள கோரிக்கை அது. அது சம்பள கிரேடைத் தொடாது, பிஎஃப் கணக்கை மாற்றாது, எல்லா இன்ஜினியருக்கும் பொதுவானது என்பதால் நீங்கள் தனியாகக் கேட்ட மாதிரியும் இருக்காது. 'நாலு ரூபாய் கொடுங்கள்' என்று கேட்டால் மூன்று வருடம் கழித்து மறுபடி அதே இடத்தில் நிற்பீர்கள். 'ஒரு லிட்டர் பெட்ரோல் விலையில் 4 சதவீதம்' என்று சூத்திரமாகக் கேளுங்கள். 101 ரூபாய் விலையில் அது நாலு ரூபாய். விலை மாறினால் தானாக மாறும். பயண கிளெய்மை மாதக் கடைசியில் மொத்தமாகக் கொடுக்காமல் வாரா வாரம் கொடுங்கள். லாட்ஜ் வாடகையும் சாப்பாடும் உங்கள் கையிலிருந்து போய் 40 நாள் கழித்து வந்தால், அதுவரை கம்பெனிக்கு வட்டியில்லாக் கடன் கொடுப்பவர் நீங்கள்தான்.

கம்பெனியின் கணக்கு எப்படி ஓடுகிறது

டீலருக்கு மெஷின் விற்றதில் லாபம் வருகிறது. வாரண்டி இருக்கும்வரை சர்வீஸ் அவருக்குச் செலவு. கஸ்டமரிடம் பில் போட முடியாது, நீங்கள் ஒவ்வொரு முறை போகும்போதும் அந்த லாபம் கரைகிறது. வாரண்டி முடிந்து ஏஎம்சி (வருடாந்திரப் பராமரிப்பு ஒப்பந்தம்) போட்டால் நிலைமை மாறும். வருடத்துக்கு ஒரு தொகை, நாலு தடவை பிரிவென்டிவ் விசிட், இடையில் வரும் பிரேக்டவுன் கால்கள் அதற்குள் அடக்கம். அதாவது ஏஎம்சி மெஷின் எவ்வளவு குறைவாக நிற்கிறதோ டீலருக்கு அவ்வளவு லாபம். ஸ்பேர் பார்ட்ஸில் வரும் மார்ஜினோ ஸ்பேர்ஸ் டிபார்ட்மென்ட் கணக்கில் ஏறுகிறது, அந்த பார்ட் தேவை என்று கண்டுபிடித்துச் சொன்ன உங்கள் கணக்கில் ஏறுவதில்லை.

இப்போது அப்ரைசல் ஃபார்மைப் பாருங்கள். பெரும்பாலும் 'மாதம் எத்தனை கால் முடித்தார்' என்ற எண்தான் மேலே இருக்கும். நல்ல இன்ஜினியர் போன இடத்துக்கு மறுபடி போக வேண்டியிருக்காது. அரைகுறையாகச் செய்கிறவர் ஒரே மெஷினுக்கு மூன்று தடவை போவார். ஃபார்மில் அது மூன்று கால். உங்கள் ஆற்றாமைக்கு அடியில் இருக்கும் உண்மையான காரணம் இந்த அளவுகோல்தான் என்பது என் உறுதியான கருத்து. மேனேஜர் கெட்டவர் என்பதால் நடப்பதில்லை இது. அவர் மேசைக்கு வரும் தாளில் உங்கள் திறமை தெரிய ஒரு கட்டமே இல்லை.

இன்னொன்றும் உண்டு. பத்துப் பன்னிரண்டு இன்ஜினியருக்கு ஒரு ஏரியா சர்வீஸ் மேனேஜர். அந்த நாற்காலி ஐந்தாறு வருடத்துக்கு ஒரு முறை காலியாகும். 'சீனியர்' என்ற பட்டம் நடுவில் வரும், அதோடு நாலு ஜூனியர்களைப் பழக்கும் வேலையும் வரும், சம்பளம் வராது. ஆகையால் மேலே ஏறும் வழியை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தால் வருடங்கள் போய்விடும்.

எந்த வேலைக்குத் தனி விலை இருக்கிறது

ஃபானுக் கம்பெனி கன்ட்ரோல் உள்ள ஒரு விஎம்சியில் (செங்குத்து ஸ்பிண்டில் உள்ள சிஎன்சி மெஷினில்) நடக்கும் மிகச் சாதாரணமான கேஸை எடுத்துக்கொள்வோம். பொங்கல் லீவு முடிந்து மெயின் ஆன் செய்ததும் 300 ஏபிசி அலாரம். ஜீரோ (ஒவ்வொரு ஆக்ஸிஸும், அதாவது நகரும் அச்சும், எங்கிருந்து அளக்கிறது என்ற தொடக்கப் புள்ளி) போய்விட்டது. காரணம் எல்லாருக்கும் தெரிந்ததே. அப்சல்யூட் என்கோடருக்கான (ஆக்ஸிஸ் இருக்கும் இடத்தை நினைவில் வைக்கும் சென்சாருக்கான) 6 வோல்ட் பேட்டரி, தனி பாக்ஸில் இருந்தால் நாலு டி சைஸ் அல்கலைன் செல். மெஷினுக்கு பவர் இருக்கும்வரை பேட்டரிக்கு வேலையில்லை. மெயினை ஆஃப் செய்த பிறகுதான் என்கோடரின் நினைவு அதை நம்பி நிற்கிறது. தினமும் இரவு எட்டு மணி நேரம் ஆஃப் ஆகும்போது தாக்குப்பிடித்த பலவீனமான செல், ஐந்து நாள் தொடர் லீவில் படுத்துவிடும். அதற்கு முன்பே 307, 308 என்று பேட்டரி லோ எச்சரிக்கை வந்திருக்கும். ஆபரேட்டர் கவனித்திருக்க மாட்டார்.

இதை ஒரு சாதாரண ஆள் எப்படி முடிப்பார்? செல்லை மாற்றி, ஆக்ஸிஸைக் கண் மதிப்பில் மார்க்குக்குக் கொண்டுவந்து, 1815 பாராமீட்டரில் ஏபிஇசட் பிட்டை 1 ஆக்கி (இதுதான் ஜீரோ என்று கன்ட்ரோலுக்குச் சொல்லி), அலாரம் போனதும் கையெழுத்து வாங்கிக்கொண்டு கிளம்புவார். ஜீரோ ஒரு கிரிட் (ஜீரோ வைக்கும் புள்ளிகளுக்கு இடையிலான தூரம்) தள்ளி உட்கார்ந்திருந்தால் இசட் ஆக்ஸிஸில் டூல் மாற்றும் இடமும் அதே அளவு தள்ளிப்போகும். ஏடிசி ஆர்ம் (டூலைத் தானாக மாற்றும் கை) வந்து ஹோல்டரில் மோதும். சில நூறு ரூபாய் செல்லில் தொடங்கியது ஸ்பிண்டில், ஆர்ம் வேலையாக முடியும்.

சரியாகச் செய்கிறவர் பவர் ஆன் நிலையிலேயே செல்லை மாற்றுவார். ஜீரோ வைத்த பிறகு, 1241 பாராமீட்டரில் உள்ள டூல் சேஞ்ச் பொசிஷனுக்கு மிகக் குறைந்த வேகத்தில் கொண்டுபோய், ஆர்மைக் கையால் நகர்த்தி ஹோல்டர் பள்ளத்தில் சரியாகப் பொருந்துகிறதா என்று பார்ப்பார். வொர்க் ஆஃப்செட்டை (ஜாபின் தொடக்கப் புள்ளியை) பழைய ஜாபில் ஒரு துளையை வைத்துச் சரிபார்ப்பார். கிளம்பும் முன் பாராமீட்டர், லேடர் (மெஷினின் கட்டுப்பாட்டு லாஜிக்), புரோகிராம், எஸ்ரேம் (கன்ட்ரோலின் நினைவகம்) பேக்கப் எல்லாம் கார்டில் எடுத்து, ஒரு பிரதியைக் கஸ்டமரிடம் கொடுத்து, பேட்டரி பாக்ஸ் மேல் தேதி எழுதி ஒட்டுவார். இன்னும் ஒரு படி மேலே போகிறவர், தன் ஏரியாவில் உள்ள எல்லா ஏஎம்சி மெஷினுக்கும் ஆயுத பூஜைக்கு முந்தைய விசிட்டிலேயே செல்லை மாற்றிவிடுவார். தீபாவளி, பொங்கல் இரண்டும் அலாரம் இல்லாமல் கடக்கும். கால் எண்ணிக்கை குறையும். அந்தக் குறைவைத்தான் நீங்கள் எழுதிக் காட்ட வேண்டும்.

அடுத்து பேக்லாஷ், அதாவது திசை மாறும்போது ஆக்ஸிஸ் நகராமல் விடும் இடைவெளி. 'சைஸ் வரவில்லை' என்று கால். டயல் வைத்துப் பார்த்தால் எக்ஸ் ஆக்ஸிஸில் 45 மைக்ரான் லாஸ்ட் மோஷன் (அப்படி வீணாகும் நகர்வு). அதை ஈடுகட்டும் 1851 பாராமீட்டரில் எண்ணைக் கூட்டிவிட்டால் அன்றைக்குச் சைஸ் வந்துவிடும். ஆனால் பால் ஸ்க்ரூ சப்போர்ட் பேரிங்கில் பிரீலோடு போயிருந்தாலோ, லாக் நட் தளர்ந்திருந்தாலோ, கப்ளிங் நழுவியிருந்தாலோ, பாராமீட்டர் அதை மூடி மட்டும் வைக்கும். லோடு மாறும்போது லாஸ்ட் மோஷனும் மாறும். ஒரு மாதத்தில் ரிஜக்‌ஷன், மறுபடி கால், இந்த முறை கஸ்டமர் கோபத்தோடு. பால்பார் (மெஷின் போடும் வட்டத்தின் துல்லியத்தை அளக்கும் கருவி) வைத்து ஒரு வட்டம் ஓட்டினால் குவாட்ரன்ட் (கால்வட்டம்) மாறும் இடத்தில் படி விழுவது வரைபடத்தில் தெரியும். அந்த வரைபடத்தைக் கையில் கொடுத்தால் பேரிங் செட்டுக்கும் அலைன்மென்ட் வேலைக்கும் கஸ்டமர் பர்ச்சேஸ் ஆர்டர் போடுவார். வாய்ச்சொல்லுக்குப் போடமாட்டார்.

தனி விலை இருக்கும் இடம் இதுதான். பால்பார், லேசர் வைத்துப் பிச் எரர் காம்பன்சேஷன் (ஆக்ஸிஸின் தூரப் பிழையை அளந்து திருத்துவது), ஐஎஸ்ஓ 230-2 முறையில் பொசிஷனிங் ரிப்போர்ட், ஜியாமெட்ரி அலைன்மென்ட், ஸ்பிண்டில் திறந்து பேரிங் மாற்றுவது, பழைய மெஷினுக்குப் புது கன்ட்ரோல் போடும் ரெட்ரோஃபிட், பிஎம்சி லேடர் (மேலே சொன்ன கட்டுப்பாட்டு லாஜிக்) திருத்துவது, மெஷினோடு ரோபோ சேர்ப்பது. இவற்றுக்கு டீலரே தனியாகக் கொட்டேஷன் போடுகிறார். இவற்றில் இரண்டை நீங்கள் தனியாகச் செய்ய முடிந்தால் உங்கள் சம்பளப் பேச்சின் தன்மையே மாறிவிடும். எது முதலில் என்று கேட்டால் லேசரும் பால்பாரும் என்பேன். கம்பெனியில் கருவி இருக்கும், அதை ஓட்டத் தெரிந்தவர் ஒருவரோ இருவரோதான் இருப்பார்கள். அவரோடு கருவி தூக்கிப் போக ஆள் தேவைப்படும் நாள்களில் நீங்களாகப் போய் நில்லுங்கள். ஸ்பிண்டில் வேலை அப்படிப் பார்த்துக் கற்றுக்கொள்ள முடியாதது. சுத்தமான அறை, சரியான ஃபிக்சர், பக்கத்தில் நின்று சொல்லித்தரும் கை மூன்றும் வேண்டும். பெங்களூரில் சிஎம்டிஐ (மத்திய அரசின் உற்பத்தித் தொழில்நுட்ப நிறுவனம்), ஐஎம்டிஎம்ஏ (மெஷின் டூல் தயாரிப்பாளர் சங்கம்) இரண்டும் குறுகிய காலப் பயிற்சிகள் நடத்துகின்றன. கட்டணத்தைக் கம்பெனியைக் கட்டச் சொல்லிக் கேளுங்கள். பதிலுக்கு ஒரு வருடம் இருப்பேன் என்று கையெழுத்துக் கேட்டால் அது நியாயமான பேரம்.

எழுதி வைப்பது

'அலாரம் கிளியர் செய்யப்பட்டது, மெஷின் ஓகே' என்று ரிப்போர்ட் எழுதும் வரை உங்களுக்கும் புதிதாகச் சேர்ந்த பையனுக்கும் தாளில் வித்தியாசம் கிடையாது. ரிப்போர்ட்டில் நாலு விஷயம் வரட்டும்: என்ன அறிகுறி, எதை அளந்து காரணத்தைக் கண்டீர்கள், என்ன செய்தீர்கள், அடுத்து என்ன எப்போது மாற்ற வேண்டும். 'எக்ஸ் ஆக்ஸிஸ் லாஸ்ட் மோஷன் 45 மைக்ரான், லாக் நட் இறுக்கிய பின் 8 மைக்ரான், சப்போர்ட் பேரிங் சத்தம் உள்ளது, இரண்டு மாதத்துக்குள் மாற்றப் பரிந்துரை' என்று எழுதினால் அது ஸ்பேர்ஸ் ஆர்டராக மாறும். அந்த ஆர்டரின் ஆரம்பம் உங்கள் கையெழுத்து என்பது பதிவில் நிற்கும்.

உங்களுக்கென்று ஒரு ஷீட்டும் வைத்துக்கொள்ளுங்கள். தேதி, மெஷின் மாடல், கன்ட்ரோல், கோளாறு, முதல் விசிட்டிலேயே முடிந்ததா, 30 நாளுக்குள் அதே கோளாறு திரும்பியதா, உங்கள் பரிந்துரையில் போன ஸ்பேர்ஸ் மதிப்பு, புதுப்பிக்கப்பட்ட ஏஎம்சி. கிளம்பிய நேரம், வீடு திரும்பிய நேரமும் சேர்த்து. கஸ்டமரின் டிராயிங், புரோகிராம், கம்பெனியின் மேனுவல், பாஸ்வேர்டு எதையும் இதில் சேர்க்காதீர்கள். வேலை மாறும்போது அது உங்களுக்கு எதிரான ஆதாரமாகத் திரும்பும், அந்தக் கெட்ட பேரும் கோவை மாதிரி எல்லாரும் எல்லாரையும் அறிந்த ஊரில் வேகமாகப் பரவும்.

கேட்கும் முறை

ஏப்ரலில் இன்கிரிமென்ட் லெட்டர் கைக்கு வந்த பிறகு கேட்டுப் பயனில்லை. பட்ஜெட் ஜனவரி, பிப்ரவரியில் முடிவாகிறது. அப்போது கேட்க வேண்டும். ஒரே பக்கம். மேலே, கடந்த 12 மாதத்தில் முதல் விசிட்டில் முடித்த கால்களின் விகிதம், திரும்பி வந்த கால்கள், உங்கள் ஏரியாவில் ஏஎம்சி புதுப்பிப்பு, நீங்கள் தொடங்கிவைத்த ஸ்பேர்ஸ் பில் மதிப்பு. கீழே, நீங்கள் கேட்பது. வீட்டுக் கடன், தங்கை கல்யாணம் எல்லாம் உண்மையாகவே இருக்கலாம், அவற்றை அந்தத் தாளில் எழுத வேண்டாம். 'வேலையை விட்டுவிடுவேன்' என்ற வார்த்தையும் வேண்டாம், கையில் ஆஃபர் லெட்டர் இல்லாதவரை.

சம்பளத்தில் கை வைக்க முடியாது என்றால் அடுத்தடுத்துக் கேட்க விஷயம் இருக்கிறது. கிலோமீட்டர் சூத்திரம், ஞாயிறு வேலைக்குக் காம்ப் ஆஃப், இரவு 9 மணிக்கு மேல் முடியும் காலுக்கு ஒரு நிலையான தொகை, ஏஎம்சி புதுப்பிப்பிலும் ஸ்பேர்ஸிலும் ஒரு சதவீத இன்சென்டிவ், லேசர் பயிற்சி. எதை ஒப்புக்கொண்டாலும் அன்றைக்கே 'பேசியபடி' என்று ஒரு மெயில் போட்டுவிடுங்கள். மேனேஜர் மாறிவிட்டால் வாய் வாக்கு அவரோடு போய்விடும்.

இரவுக் கால் பற்றி ஒரு கண்டிப்பான வார்த்தை. பகல் முழுக்க ஓடிய பிறகு பதினோரு மணிக்கு சர்வோ பேனலைத் திறக்காதீர்கள். மெயினை ஆஃப் செய்த பிறகும் டிரைவின் டிசி லிங்கில் (மின்சாரம் தேங்கி நிற்கும் பகுதியில்) 300 வோல்ட் சுமார் நிற்கும். 400 வோல்ட் வகை டிரைவில் இன்னும் அதிகம். சார்ஜ் எல்இடி அணைந்து, மீட்டர் வைத்துப் பார்த்த பிறகுதான் கை போக வேண்டும். தூக்கக் கலக்கத்தில் முதலில் தவறுவது அந்தக் காத்திருப்புத்தான். 'காலை ஆறு மணிக்கு வருகிறேன்' என்று சொல்ல உங்களுக்கு உரிமை உண்டு.

வெளியே போவதானால் எங்கே

டீலரிடமிருந்து மெஷின் தயாரிப்பாளரிடம், அங்கிருந்து கன்ட்ரோல், டிரைவ் தயாரிப்பாளரிடம் என்று ஏறுவது இந்தத் துறையில் தேய்ந்த பாதை. ஒவ்வொரு படியிலும் மெஷின் வகை குறையும், ஆழம் கூடும், சம்பளமும் கூடும். பெங்களூரு போகத் தயாராக இருப்பவருக்கு வாய்ப்பு அதிகம். மெஷின் டூல் கம்பெனிகள் பல அங்கேதான். வீட்டு வாடகை வித்தியாசத்தைக் கழித்துவிட்டுத்தான் ஆஃபரை எடைபோட வேண்டும்.

கஸ்டமர் பக்கம் மெயின்டெனன்ஸுக்குப் போவது இன்னொரு வழி. ஓசூர், ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் பக்கமுள்ள ஆட்டோ உதிரிபாகத் தொழிற்சாலைகளுக்கு, வெளி ஆளைக் கூப்பிடாமல் உள்ளேயே மெஷினைச் சரிசெய்யத் தெரிந்தவர் தேவை. ஷிஃப்ட் உண்டு, பஸ் உண்டு, கேன்டீன் உண்டு, பைக் ஓட்டம் இல்லை. குழந்தை பிறந்த வீட்டுக்கு இது பெரிய நிம்மதி. ஆனால் அங்கே உள்ள நாற்பது மெஷினோடு உங்கள் அறிவு நின்றுவிடும் ஆபத்தும் உண்டு. பல பிராண்ட் மெஷின் உள்ள பிளான்டாகப் பார்த்துப் போங்கள்.

புரோகிராமிங்கும் கட்டிங்கும் பிடித்தவர் அப்ளிகேஷன் இன்ஜினியராகலாம். சைக்கிள் டைமை எட்டு நிமிடத்திலிருந்து ஆறாக்கிக் காட்டும் ஆளை விற்பனைப் பிரிவு விடாது. சர்வீஸ் ஆளுக்கு இதில் இருக்கும் அனுகூலம், மெஷின் எந்த இடத்தில் அதிரும், எந்த ஃபீடில் சர்வோ திணறும் என்பது ஏற்கெனவே தெரிந்திருப்பது.

சொந்தமாக சர்வீஸ் தொடங்குவது குறிச்சி சிட்கோ, கணபதி, அரசூர் பக்கம் இருக்கும் சின்னப் பட்டறைகளை நம்பி நடக்கும் தொழில். டீலர் ஏஎம்சி கட்டுப்படியாகாத பழைய மெஷின்கள் அங்கே ஏராளம். வேலைக்குப் பஞ்சமில்லை, வசூலுக்குத்தான் பஞ்சம். உத்யம் பதிவை (குறு, சிறு, நடுத்தர நிறுவனங்களுக்கான அரசுப் பதிவு) முதல் நாளே செய்யுங்கள், அது இலவசம். குறு, சிறு நிறுவனத்துக்குத் தர வேண்டிய பணத்தை எழுத்து ஒப்பந்தம் இருந்தால் அதிகபட்சம் 45 நாளிலும், இல்லாவிட்டால் 15 நாளிலும் தர வேண்டும் என்பது சட்டம். அந்தக் கெடு தாண்டினால், பணம் கொடுக்கும் வருடம் வரை வாங்கியவர் அதை வருமான வரியில் செலவாகக் காட்ட முடியாது என்ற விதி 2023-24 நிதியாண்டிலிருந்து வந்திருக்கிறது. பில்லில் உத்யம் எண் அச்சிட்டிருந்தால் கஸ்டமரின் ஆடிட்டரே மார்ச்சில் நினைவூட்டுவார். சேவைக்கு வருட வரவு 20 லட்சத்தைத் தாண்டும்வரை ஜிஎஸ்டி பதிவு பொதுவாகக் கட்டாயமில்லை. ஆனால் பெரிய கஸ்டமர்கள் ஜிஎஸ்டி பில் கேட்பார்கள். ஆறு மாத வீட்டுச் செலவும், ஸ்பேர்ஸ் வாங்கிக் கொடுத்துக் காத்திருக்க ஒரு தொகையும் கையில் இல்லாமல் இறங்க வேண்டாம்.

வளைகுடா வேலைக்கு ஏஜென்ட் வழியாகப் போவதென்றால் இ-மைக்ரேட் என்ற மத்திய அரசுத் தளத்தில் அவர் லைசென்ஸைப் பாருங்கள். அவர் வாங்கக்கூடிய கட்டணம் 30,000 ரூபாயும் ஜிஎஸ்டியும்தான். அங்கே சிஎன்சியை விட ஜெனரேட்டர், லிஃப்ட், ஏசி சில்லர் சர்வீஸுக்குத்தான் ஆள் எடுப்பது அதிகம்.

படிப்பு பற்றி: டிப்ளமோவோடு மேனேஜர் பதவி வரை போனவர்கள் உண்டு, ஆனால் பெரிய கம்பெனிகளின் கிரேடு முறை பி.இ. கேட்கும். கோவையிலேயே மாலை நேரப் பகுதிநேர பி.இ. இருக்கிறது, ஏழு செமஸ்டர். கம்பெனி உங்களை மாலை ஆறு மணிக்கு விடுமா என்பதை எழுத்தில் வாங்கிக்கொண்டு சேருங்கள். தபால் வழி இன்ஜினியரிங் பட்டம் தருகிறோம் என்பவர்களிடம் பணம் கட்டாதீர்கள். 2017-இல் உச்ச நீதிமன்றம், ஏஐசிடிஇ (தொழில்நுட்பக் கல்விக்கான அகில இந்தியக் கவுன்சில்) ஒப்புதல் இல்லாமல் நிகர்நிலைப் பல்கலைக்கழகங்கள் அப்படிக் கொடுத்த பட்டங்களை ஏற்கவில்லை.

கிளம்பும் முன்

உங்களுக்கு நாலரை வருடம் ஆகிறது என்பதால் இது முக்கியம். கிராஜுவிட்டிக்கு ஐந்து வருடத் தொடர் பணி வேண்டும். ஐந்தாம் வருடத்தில் 240 நாள் முடித்தாலே தகுதி என்று சென்னை உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்திருக்கிறது. ஆனாலும் சில கம்பெனிகள் அதை வைத்து இழுத்தடிக்கும். பேசிக் 15,000 என்றால் அதை 26-ஆல் வகுத்து, 15-ஆல் பெருக்கி, ஐந்து வருடத்தால் பெருக்கினால் 43,269 ரூபாய். சிடிசியில் மாதா மாதம் உங்கள் பெயரில் காட்டிய பணம் அது. நல்ல ஆஃபர் வந்தாலும் சேரும் தேதியை ஐந்து வருடம் முடியும்படி பேசிப் பாருங்கள்; நோட்டீஸ் காலமும் இந்தக் கணக்கில் சேரும்.

பாண்டு கையெழுத்துப் போட்டிருந்தால் அதை எடுத்துப் படியுங்கள். வேலையை விட்ட பிறகு போட்டிக் கம்பெனியில் சேரக் கூடாது என்ற நிபந்தனை 1872-ஆம் வருட ஒப்பந்தச் சட்டத்தின் 27-ஆம் பிரிவின்படி செல்லாது. ஆனால் குறிப்பிட்ட காலத்துக்கு முன் போனால் ஒரு தொகை கட்ட வேண்டும் என்ற பாண்டு வேறு. 2025 மே மாதம் விஜயா வங்கி வழக்கில் உச்ச நீதிமன்றம் அத்தகைய 2 லட்ச ரூபாய் நிபந்தனையை ஏற்றது. இரண்டையும் குழப்பிக்கொண்டு 'பாண்டெல்லாம் செல்லாது' என்று நண்பர்கள் சொல்வதை நம்ப வேண்டாம். ஒரிஜினல் சர்டிஃபிகேட்டை எந்தக் கம்பெனியிலும் கொடுத்து வைக்காதீர்கள்.

புது ஆஃபரில் சம்பளத்தைத் தவிரக் கேட்க வேண்டியவை: ஒரு இன்ஜினியருக்கு எத்தனை மெஷின், ஏரியா எதுவரை, கிலோமீட்டர் ரேட், கிளெய்ம் எத்தனை நாளில் வரும், பயண அட்வான்ஸ் உண்டா, வேரியபிள் போன வருடம் எத்தனை சதவீதம் கொடுத்தார்கள், லேசரும் பால்பாரும் கம்பெனியில் இருக்கின்றனவா, லெட்டர் எந்தப் பெயரில் வரும். தேர்ட் பார்ட்டி பேரோல் (ஆள் சப்ளை செய்யும் வேறு கம்பெனி) பெயரில் வந்தால் அனுபவச் சான்றிதழும் அந்தப் பெயரில்தான் வரும். அங்கே இருக்கும் ஒரு இன்ஜினியரிடம் தனியாகப் பேசிவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள்.

ராஜினாமாவை மெயிலில் கொடுத்து, பெற்றுக்கொண்டதாகப் பதில் வாங்குங்கள். டூல் கிட், லேப்டாப், சிம் திருப்பிக் கொடுத்ததற்கு ஒவ்வொன்றுக்கும் கையெழுத்து வேண்டும். காணாமல் போன ஒரு மீட்டரைக் காட்டிக் கணக்கை நிறுத்துவது சாதாரணமாக நடக்கிறது. 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்த ஊதியச் சட்டத் தொகுப்பின்படி, ராஜினாமா செய்தவருக்கு வேலை முடிந்த இரண்டு வேலை நாளில் சம்பள பாக்கி தர வேண்டும். நிலுவையில் உள்ள பயண கிளெய்ம்களைக் கடைசி நாளுக்கு முன்பே மொத்தமாகக் கொடுத்துவிடுங்கள். பிஎஃப் ஆன்லைன் கணக்கில் வெளியேறிய தேதி சரியாக ஏறியிருக்கிறதா என்று இரண்டு மாதம் கழித்துப் பார்த்து, பணத்தை எடுக்காமல் அதே யுஏஎன்-இல் (வேலை மாறினாலும் மாறாத பிஎஃப் எண்ணில்) புது கணக்குக்கு மாற்றுங்கள்.